ஐந்து மணி முறை

ரைமோ மேலே போனபோது கடல் இருட்டிவிட்டிருந்தது.

ஞாயிறு மாலை ஆறு மணி அவருடைய முறை. கட்டடத்தின் உச்சியில், இருபத்தாறாம் தளத்தில், எல்லோருக்கும் பொதுவான சௌனா என்னும் நீராவிக் குளியலறை. வாரம் ஒரு முறை, வீட்டுக்கு ஒரு மணி நேரம். குடிவந்த நாளிலிருந்து அதே கிழமை, அதே மணி. முன்பு அவரும் ஹெல்வியும் சேர்ந்து போவார்கள். மூன்று வருடமாக அவர் மட்டும்.

மேல்பலகையில் உட்கார்ந்து உடம்பு சிவக்கும்வரை வெந்தார். சூடான கற்களில் அகப்பையால் தண்ணீர் ஊற்றினார். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். தோளிலிருந்து ஆவி கிளம்பியது. தெற்கே கிரேனின் சிவப்பு விளக்கு. அதன் கீழே எதிர்க்கட்டடம், ஜன்னல் வைக்காத கருங்குழிகளோடு. அதற்கும் அப்பால் கடல். கடல்மீது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள். கப்பலா, மிதவையா, தீவா, என்னவென்று சொல்ல முடியவில்லை.

அவருக்கு வேண்டியது வெளிச்சத்தில் ஒரே ஒரு பார்வை. அது மட்டும் கிடைக்கவில்லை. இந்த அக்டோபரின் முதல் ஞாயிறு மழையில் போனது; இப்போது ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது.

ஹெல்வி வடமேற்குச் சமவெளிக்காரி. வயலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர். "எங்க ஊர்ல விருந்தாளி வர்றது தூரத்துல தெரிஞ்சதும் காப்பி போட்டா, அவங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள ஆறிடும்" என்பாள். அவளுக்குத் தூரம் தெரிய வேண்டும். இந்தக் கட்டடம் எழும்பியபோது நாட்டிலேயே இதுதான் உயரமான குடியிருப்பு என்று பத்திரிகையில் போட்டார்கள். அவள் பத்திரிகையை மடித்து அவர் தட்டின் பக்கத்தில் வைத்தாள். கையிலிருந்த காசுக்கு நாலாம் தளத்தில்தான் வீடு கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ நிலையமும் பைன் மரங்களும். அவளுக்கு வருத்தமில்லை. "உச்சி நம்மளுதும்தானே. வாரத்துக்கு ஒரு மணி நேரம்" என்றாள்.

முதல் கிறிஸ்துமஸுக்குக் குடியிருப்புச் சங்கம் வீட்டுக்கு இரண்டு காப்பிக் குவளை கொடுத்தது. கட்டடத்தின் படம். அதன் கீழே "நாட்டின் உச்சியில் வசிக்கிறோம்" என்று எழுத்து. அந்தக் காலத்தில் டாக்ஸிக்காரர்களுக்கு முகவரி சொல்ல வேண்டியதில்லை. உறவுக்காரர்கள் ரயிலேறி வந்து லிஃப்டில் மேலும் கீழும் போனார்கள். ஹெல்வியின் அண்ணன் பால்கனியில் ஒரு நிமிடம் நின்றான். பிறகு உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "காப்பி தரையிலயே குடிக்கலாமே" என்றான்.

முதல் அக்டோபரில்தான் அவள் அதைப் பார்த்தாள். சௌனாவிலிருந்து வெளியே வந்தவள் துண்டோடு அப்படியே நின்றாள்.

"ரைமோ, அங்க பாரு. ஊசி மாதிரி நிக்குது. தாலின் கோபுரம்."

தாலின் நகரம் வளைகுடாவின் அந்தக் கரையில், எஸ்டோனியாவில். அங்கே ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் உண்டு. அவர் அவள் விரல் போன வழியே பார்த்தார். கடலும் வானமும் சேரும் கோடு. அதில் ஒன்றுமில்லை.

"எங்க?"

"என் விரலைப் பாரு மனுஷா."

"விரல்தான் தெரியுது."

"பாதி ஆயுசு சுரங்கத்துக்குள்ள ரயில் ஓட்டின கண்ணு. தூரம் எப்படித் தெரியும்?"

"கப்பல் பாய்மரத்தைப் பாத்திருப்ப."

"பாய்மரம் நகரும். இது நகரலை."

ஒவ்வொரு அக்டோபரிலும் இந்தச் சண்டை வந்தது. கோடையில் கடல்மீது வெப்பம் புகைபோல் நிற்கும். அக்டோபரில் மழை கழுவிவிட்ட பிறகுதான் காற்று தெளியும். மாதத் தொடக்கத்தில் ஆறு மணிக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அவள் பார்ப்பாள். அவருக்குத் தெரியாது. ஒரு வருடம் அவர் இரவல் தொலைநோக்கி கொண்டுவந்தார். அவள் காட்டிய இடத்தில் வைத்துப் பார்த்தார். தண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்தது. "சரி, தெரியுதுன்னு சொல்லேன், என்ன குறைஞ்சுடும்?" என்றாள் கடைசி அக்டோபரில். அவள் அப்போதே மெலிந்திருந்தாள். அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. அடுத்த பிப்ரவரியில் அவள் போய்விட்டாள்.

எதிர்க்கட்டடம் போன வருடம் தொடங்கியது. முதலில் குழி. பிறகு கிரேன். பிறகு தளத்துக்குமேல் தளம். அது ஏறுவதை ரைமோ ஞாயிறுதோறும் பார்த்தார். எவ்வளவு உயரம் ஏறினாலும் கடலின் விளிம்பு நம் கண்மட்டத்துக்கே கூட ஏறி வரும். அதனால் அந்தக் கட்டடம் இந்த உச்சியை எட்டும்வரை விளிம்பு மறையாது. எட்டிவிட்டால் மறைந்துவிடும். ஹெல்வி விரல் நீட்டிய இடம் அதன் கூரைக்கு நேர் மேலே இருந்தது.

இன்னும் இரண்டு தளம்தான் பாக்கி.

*

சங்கத் தலைவி சிர்க்கா கீழே சைக்கிள் அறையில் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"பகல்ல பத்து நிமிஷம் திறந்துவிட முடியுமா?" என்றார் ரைமோ. "சௌனா வேண்டாம். பால்கனி போதும்."

"புதுப் பூட்டு அவங்கவங்க முறைக்கு மட்டும்தான் திறக்கும். தெரியும்ல? நீங்கதான் கூட்டத்துல கை தூக்கினீங்க."

"தூக்கினேன்."

"உங்களுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். நாளைக்கே ஒருத்தர் மேல துணி காயப்போடுவார்."

ரைமோ தலையாட்டினார். அவள் இடத்தில் இருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார்.

"முறையை மாத்திக்கங்க" என்றாள் அவள். "உங்களுக்கு முன்னாடி யாரு? அஞ்சு மணிக்கு?" கேட்டுவிட்டு அவளே நிறுத்தினாள். சிரிப்பை அடக்க எண்ணெய்க் குப்பியைப் பார்த்தாள். "ஐயோ. ஓர்வோ."

"ஓர்வோதான்."

"அதுல நான் தலையிட மாட்டேன். அவர்தான் எனக்குப் பல் கட்டினவர்."

*

ஓர்வோ ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இருபத்தைந்தாம் தளம். ஞாயிறு ஐந்து மணி முறை அவருடையது.

எந்நேரமும் திறக்கும் பழைய பூட்டு இருந்த காலத்தில், ஒரு அக்டோபர் கடைசி ஞாயிறு நடந்தது அது. அன்று விடிகாலையில் நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ரைமோவுக்கு அன்று ரயில் வேலை. சமையலறைக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அதில் ஆறு அடித்ததும் ஹெல்வி மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வாளியும் துண்டுமாக மேலே போனாள். உண்மையில் மணி ஐந்து. கதவைத் தள்ளினாள். மேல்பலகையில் டாக்டர் ஓர்வோ பிறந்தமேனியாக உட்கார்ந்திருந்தார்.

"என் முறை!" என்றாள் ஹெல்வி.

"என் முறை!" என்றார் ஓர்வோ, மரவாளியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு.

நேரம் கடந்தும் எழுந்து போகாதவர் என்று அவள் அவரைத் திட்டவும் செய்தாள். இந்தக் கட்டடத்தில் ஒருவரைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்லிவிட முடியாது.

வசந்தம் வந்து முற்றம் கூட்டும் நாளில், எல்லோரும் இலை வாரி முடித்து நெருப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தபோது ஹெல்வி கதையைச் சொன்னாள். வாளி இடத்தில் அவளாலேயே தொடர முடியவில்லை. முற்றமே சிரித்தது. ரைமோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓர்வோ கடுகு சாஸ் குப்பியை மூடி வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவர் ரைமோவிடம் பேசவில்லை. லிஃப்டில் சேர்ந்து ஏறினால் இருவரும் தள எண்கள் மாறுவதைப் பார்த்தார்கள். வேறு ஊரில் இதைப் பகை என்று உடனே கண்டுபிடித்திருப்பார்கள். இங்கே லிஃப்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் ரைமோவுக்கு வித்தியாசம் தெரியும்.

ஹெல்வியின் அடக்கத்துக்கு ஓர்வோ வந்திருந்தார். பின்வரிசையில் நின்றார். முடிந்து எல்லோரும் குடித்த காப்பிக்கு நிற்கவில்லை.

*

சனிக்கிழமை இரவு வடகாற்று அடித்தது. மேகம் கலைந்தது. ஞாயிறு காலையில் வானம் துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. ரைமோ தெருவில் இறங்கி எதிர்க்கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மேல்தளத்துக்குக் கம்பிகள் எழும்பியிருந்தன. அடுத்த ஞாயிறு கடிகாரம் மாறும். அதற்குள் கான்கிரீட்டும் ஏறிவிடும்.

கடையில் ஏலக்காய் பன் வாங்கினார். லிஃப்டில் இருபத்தைந்தை அழுத்தினார்.

ஓர்வோ கதவைத் திறந்தார். பின்னல் மேலாடை, வீட்டுச் செருப்பு. கையில் குவளை. நாட்டின் உச்சி குவளை. எழுத்துகள் பாதி அழிந்திருந்தன.

"சொல்லுங்க."

"இது பன்" என்றார் ரைமோ.

"தெரியுது."

"ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க."

"இன்னிக்கு உங்க முறையை எனக்குத் தரணும். என்னுதை நீங்க எடுத்துக்கங்க. இன்னிக்கு மட்டும்."

படிக்கட்டுப் பக்கம் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"எதுக்கு?"

"வெளிச்சத்துல பாக்கணும். எதிர்ல மறைக்கறதுக்குள்ள. ஹெல்வி ஒண்ணு காட்டுவா, எனக்குத் தெரிஞ்சதே இல்ல. தாலின் கோபுரம்."

ஓர்வோவின் முகத்தில் ஏதோ அசைந்தது. குவளையை ஷூ அலமாரிமீது வைத்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து முறையைக் கேக்கறீங்க."

"ஆமா."

"உங்க வீட்டம்மா மறுநாளே வந்தாங்க. கையில பன். இதே கடைப் பன். மன்னிச்சுக்கங்கன்னாங்க. அவங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. முற்றத்துல சிரிச்சது நீங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க நிறுத்தவே இல்ல."

ரைமோ தன் ஷூவைப் பார்த்தார். "வாளியை நினைச்சா இப்பவும் வருது" என்றார்.

ஓர்வோவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. உடனே சரியாகிவிட்டது.

"முறையெல்லாம் மாத்த முடியாது" என்றார். "என் முறை என் முறைதான். எனக்கு ஆறு மணிக்கு செய்தி பாக்கணும்."

ரைமோ பன் பையை நீட்டினார். போகத் திரும்பினார்.

"அஞ்சு மணிக்கு வாங்க" என்றார் ஓர்வோ. "துண்டு கொண்டு வாங்க. என்கிட்ட உபரி இல்ல."

*

இரண்டு கிழவர்களும் மேல்பலகையில் ஆளுக்கொரு இருக்கைத் துணி விரித்து அம்மணமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். வாளி கீழே இருந்தது. அதை இருவரும் பார்க்கவில்லை.

ஓர்வோ தண்ணீர் ஊற்றினார். கற்கள் சீறின. சூடு தலைக்குமேல் சுழன்று முதுகில் இறங்கியது.

"போதுமா?"

"இன்னும் ஒண்ணு."

இன்னொன்று ஊற்றினார். ரைமோவின் காது எரிந்தது. அந்த நடு இடம் ஹெல்வியின் அகலம் இருந்தது. அவள் எப்போதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அகப்பையை அவரிடம் தரமாட்டாள். "நீ கஞ்சன், தண்ணிக்கும் கணக்குப் பாப்ப" என்பாள்.

"வாங்க" என்றார் ஓர்வோ.

பால்கனிக் கதவைத் திறந்ததும் குளிர் அறைந்தது. சூரியன் மேற்கே தாழ்ந்து நின்றது. தீவுகள் ஒவ்வொன்றும் கையால் எடுத்துவிடலாம்போல் தெளிவாக இருந்தன. எதிர்க்கட்டடத்தின் உச்சியில் கம்பிகள் கண்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பிகளின் இடுக்கில் இன்னும் கடலின் விளிம்பு தெரிந்தது.

ரைமோ அங்கேயே பார்த்தார். கண் கரிக்கும்வரை பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஒன்றுமில்லை. தண்ணீர். வானம். நடுவில் ஒரு கோடு.

"சரி" என்றார். "பாய்மரமாத்தான் இருக்கும்."

"எங்க பாக்கறீங்க?"

"அவ காட்டின இடத்துல."

"காட்டுங்க."

ரைமோ கையை நீட்டினார். எதிர்க்கட்டடத்தின் கம்பிகளுக்கு நேராக.

ஓர்வோ அவர் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"யோவ், அங்க இல்லய்யா."

ரைமோ திரும்பினார்.

"உன் பொண்டாட்டி விரல் எப்படி இருக்கும்?"

ஹெல்வியின் வலது சுட்டுவிரலை, இளவயதில் பின்னலாடை ஆலையில் இயந்திரம் பிடித்துவிட்டது. நுனி மூட்டு நடுவிரல் பக்கம் சாய்ந்தே சேர்ந்துவிட்டது. வலி இல்லை. கையுறை வாங்கும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசுவாள். மற்ற நாளில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவருக்கும்தான்.

"நீ நுனியைப் பாத்திருக்க" என்றார் ஓர்வோ. "நான் அவங்க கையைப் பாத்தேன். ஆயுசு பூரா கோணல் பல்லு பாத்தவன்யா நான். கோணலா இருக்கறது எதைக் காட்டுது, எதைக் காட்டலைன்னு எனக்குத் தெரியும்."

"நீ எப்பப் பாத்த?"

"வாளி அன்னிக்குத்தான். திட்டி முடிச்சிட்டு இங்க வந்து நின்னாங்க. மணி என்னன்னு கடிகாரத்தைக் காட்ட நான் துண்டைக் கட்டிட்டு வந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. 'டாக்டர், அதோ பாருங்க, என் புருஷன் நம்ப மாட்டேங்கறான்'னாங்க. இருட்டுறதுக்கு முன்ன கடைசி வெளிச்சம். பாத்தேன். இருந்துச்சு."

"எனக்கு அவ சொல்லலையே."

"முற்றத்துல சொல்ல வந்தாங்க. வாளியோட நீங்க எல்லாரும் கதையை முடிச்சிட்டீங்க. அப்புறம் என் பேரை எடுத்தாலே நீ வாளியை நினைச்சுச் சிரிச்சிருப்ப."

அவர் ரைமோவின் முழங்கையைப் பிடித்தார். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினார். எதிர்க்கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி, திறந்த கடலுக்கு. பிடித்தபடியே நின்றார்.

முதலில் கோடு மட்டும் இருந்தது. பிறகு கோட்டின்மேல் ஒரு கீறல் இருந்தது. மெல்லிசாக, நிமிர்ந்து, கண்ணில் விழுந்த முடிபோல. ரைமோ கண்ணைச் சிமிட்டினார். அது போகவில்லை. ஒரு கப்பல் அதன் கீழே கடந்து போயிற்று. கீறல் நகரவில்லை.

"தெரியுதா?" என்றார் ஓர்வோ.

ரைமோ பால்கனியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி பனிக்கட்டியாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

"தெரியுது" என்றார். ஓர்வோவிடம் சொன்ன மாதிரி இல்லை.

காற்று துண்டை இழுத்தது. ஓர்வோவுக்குப் பல் கிட்டியது. இருந்தும் உள்ளே போகவில்லை.

"எதிர்க்கட்டடம் அதை மறைக்காது" என்றார் கொஞ்சம் கழித்து. "எத்தனை மாடி வேணா கட்டட்டும்."

"இனிமே அவங்கதான் உச்சி."

"இருக்கட்டும். நம்ம குவளையில எழுத்து அழிஞ்சு போச்சு."

சூரியன் இறங்கியது. கீறல் கறுத்தது. பிறகு அதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு பற்றிக்கொண்டது. மற்ற பொட்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது ரைமோவுக்கு அவற்றில் கோபுரம் எதுவென்று தெரிந்தது.

உடை மாற்றும் அறையில் இருவரும் முதுகு காட்டிச் சட்டை போட்டார்கள். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"உன் முறை வருது" என்றார் ஓர்வோ. "நான் கிளம்பறேன்."

"செய்தி பாக்கணும்."

"ஆமா." வாசலில் நின்றார். "அடுத்த ஞாயிறு கடிகாரம் மாறுது. பின்னால திருப்பணும்."

"தெரியும்."

"உங்க வீட்டுல அது மறந்துபோற வழக்கம் உண்டு" என்றார் ஓர்வோ. சிரிக்காமல்தான் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

*

அடுத்த ஞாயிறு ரைமோ காலையில் எழுந்து கைக்கடிகாரத்தைத் திருப்பினார். படுக்கையறைக் கடிகாரத்தைத் திருப்பினார். சமையலறையில் நாற்காலி போட்டு ஏறினார். சுவர்க் கடிகாரத்தின் தூசியைத் துடைத்தார். முள்ளைத் தொடாமல் இறங்கினார்.

பகல் முழுவதும் வீட்டில் இரண்டு நேரம் ஓடியது. அதில் ஒன்று ஹெல்வியுடையது என்று அவருக்குப் பட்டது. அதன்படி மதியச் சாப்பாடு சாப்பிட்டார். அதன்படி காப்பி போட்டார். குவளையில் எழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

சுவரில் ஆறானது. மேலங்கியைப் போட்டுக்கொண்டார். துண்டு, இருக்கைத் துணி, குளிர்ந்த பியர் இரண்டு பாட்டில். லிஃப்டில் ஒரு பெண் நாயோடு நின்றாள். தள எண்கள் மாறுவதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

உச்சியில் இறங்கினார். அவர் சாவிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இந்தப் பூட்டு திறக்காது. தட்டக் கையைத் தூக்கினார்.

தட்ட வேண்டியிருக்கவில்லை. கதவிடுக்கில் ஒரு வீட்டுச் செருப்பு செருகியிருந்தது. உள்ளே கற்கள் சீறுவது கேட்டது.